ஒயில் ரிங் பூட்டேக்க பக்கத்தில நில்லுங்கோ

கிளிநொச்சியிலயிருந்து:
என்ர பழைய ஜப்பான் கார் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நீலப்புகை தள்ளும். ஒயில் மளமளவெண்டு குறையும், வெளியில ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. கொம்பிரஷன் (சிலிண்டருக்குள்ள அமுங்கிற அழுத்தம்) பாத்தால் நாலு சிலிண்டரும் சரி. "அப்ப ரிங் நல்லம், வால்வ் சீல்தான்" எண்டு கனபேர் சொல்லிச்சினம். ரிங் எண்டது பிஸ்டனைச் சுத்தியிருக்கிற வளையம், வால்வ் சீல் எண்டது வால்வ் தண்டால ஒயில் இறங்காமல் தடுக்கிறது. பரந்தன் பக்கத்துக் கராஜ் அண்ணை ஒத்துக்கொள்ளேல்லை. கொம்பிரஷனைப் பிடிக்கிறது மேல் ரெண்டு ரிங். சிலிண்டர் சுவரில ஒட்டின ஒயிலை வழிக்கிறது கீழ இருக்கிற ஒயில் ரிங். அது இறுகினால் கொம்பிரஷன் குறையாமலே ஒயில் எரியும் எண்டார். சீல் பழுதெண்டால், கன நேரம் நிண்ட காரை ஸ்டார்ட் பண்ணேக்க புகைச்சிட்டு அடங்குமாம்.

கழட்டினால் அவர் சொன்னதுதான். ரிங் பிஸ்டனில இருக்கிற காடிக்குள்ள (பள்ளத்துக்குள்ள) ஒட்டிப்போச்சு. அதுக்குப் பின்னால இருக்கிற ஓட்டையளும் கரியால அடைச்சிருந்தது. வழிச்ச ஒயில் சம்புக்கு (எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தொட்டிக்கு) திரும்புறது அந்த ஓட்டையளாலதான். அதைத் துப்புரவாக்காமல் புது ரிங் போட்டால் காசு வீண். உடைஞ்ச பழைய ரிங் துண்டால காடியைச் சுரண்டி, ஓட்டை ஓட்டையாக் கரியைக் குத்தி எடுத்தார். பூட்டின நேரத்தைவிட இதுக்குத்தான் கூட நேரம் போனது, அந்தப் பொறுமைக்கே அவருக்குக் கும்பிடு போடவேணும்.

ஒயில் ரிங் மூண்டு துண்டு: நெளிநெளியான ஸ்பேசர் ஒண்டு, மெல்லிய தகட்டு வளையம் ரெண்டு. முதல்ல ஸ்பேசர். அதின்ர ரெண்டு நுனியும் முட்டிக்கொண்டு நிக்கவேணும், ஒண்டில ஒண்டு ஏறக்கூடாது. ஏறினால் வளையங்கள் சுவரை அழுத்தாது, புகை திரும்பவும் வரும். உதவிக்கு நிண்ட பெடியன் விரிக்கிற கருவியை எடுக்க, "அது மேல் ரிங்குக்குத் தம்பி, இதைக் கையால சுத்தி இறக்கு" எண்டார். ரிங்குகளின்ர வாய்கள் (நுனிக்கு நுனி இருக்கிற இடைவெளி) ஒரே நேரில வராமல் தள்ளித் தள்ளி வைச்சு, கையால சுத்திப் பாத்த பிறகுதான் பிஸ்டனை இறக்கினார். இப்ப புகை இல்லை.

புதுக்குடியிருப்பிலயிருந்து:
யுத்தநேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில கேம்பிரிஜ் காரை மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கால கசிஞ்சு சம்புக்குள்ள இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் மட்டம் கூடினால் சந்தோசப்படாதேங்கோ, டிப்ஸ்டிக்கை (ஒயில் மட்டம் பாக்கிற கம்பியை) மணந்து பாருங்கோ எண்டு அப்ப சொல்லுவினம். 2020 இல நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025 இல திரும்ப விட்டாலும், அந்த இடைக்காலத்தில பழைய எஞ்சின் திறக்கிற ஆக்கள் கூடிட்டினம், அதால எழுதுறன்.

மாங்குளத்திலயிருந்து:
அண்ணை, சிலிண்டரையும் அளந்தனீங்களோ? செம்மண் புழுதி எயார் பில்டரைத் தாண்டினால் சுவரையே தின்னும். சுவர் தேஞ்சு ஓவலாப் போயிருந்தால் ரிங் மட்டும் மாத்திப் பிரயோசனமில்லை, போர் பண்ணி (சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேணும்.

கிளிநொச்சியிலயிருந்து:
ஓம் தம்பி, அளந்தது, தேய்மானம் அளவுக்குள்ளதான். ஹோன் மட்டும் பண்ணினது, அதாவது சுவரை லேசா உரஞ்சினது. பில்டரும் புதுசு.