பிடரி இறுக்கம்: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் புதுக்குடியிருப்புப் பக்கம். எட்டு மாதமாகப் பிடரியும் தோளும் கல்லுப்போல. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. 2009 யுத்தத்தில் பட்ட சின்ன ஷெல் துண்டொன்று இடது தோளில் இன்னும் கிடக்கிறது, ஆனால் அது காரணமில்லையாம். "யோசனை கூடினால் தசை இறுகும்" என்றார் டொக்டர். இரவில் பல்லு நெறுமுகிறேன் என்று மனைவியும் சொல்கிறா.

லீசிங் கட்டுகிற கிழமை வந்தால் தோள் தானாகக் காதுவரை ஏறிவிடும். இதே கடன் தம்பிக்கும் உண்டு, அவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான்! நான் சின்னனிலிருந்தே எல்லாவற்றையும் முன்கூட்டி யோசிக்கிற ஆள். அப்ப இது குணமா, கவலையா?

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு பயிற்சி உருவாக்கினாராம். ஒவ்வொரு தசையாக ஐந்து செக்கன் அளவுக்கு இறுக்கி, பிறகு மெல்லத் தளர்த்தி, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேணும். கையும் காலும் சரிவருகிறது. தோளுக்கு வந்ததும் தளர்த்துகிறேன் என்றுதான் நினைக்கிறேன், தொட்டுப் பார்த்தால் அப்படியே இறுகிக் கிடக்கிறது.

யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? துண்டு கிடக்கிற தோளை இறுக்கலாமா? கிளிநொச்சி, முல்லைத்தீவில் இதை நேரில் சொல்லித் தருகிற பிசியோதெரபிஸ்ட் இருந்தால் உள்பெட்டியில் போடுங்கோ. தமிழ் ஒலிப்பதிவு இருந்தாலும் நல்லது. பனடோல் மட்டும் சொல்லாதேங்கோ, அது போட்டு அலுத்துவிட்டது.