பூனைக்கு சுகர் இறங்கவே மாட்டேங்குது, ஊசி அளவை ஏத்தலாமா? அவசரம்

முத்து_அம்மா · வியாழன் காலை 6:20
எல்லாருக்கும் வணக்கம். எங்க முத்துவுக்கு சுகர். இன்சுலின் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனா இறங்கவே மாட்டேங்குது. இன்னிக்குக் காலையிலயும் 18. நேத்து சாயங்காலமும் கிட்டத்தட்ட அதேதான். 3 போடறேன், 4 ஆக்கிடலாமா? எங்க டாக்டர் லீவு, திங்கக்கிழமைதான் வருவாராம். வீட்ல நான் மட்டுந்தான், கேக்கக்கூட ஆளில்ல. தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கான், மணல் பெட்டி எப்பப் பாரு நனைஞ்சே கிடக்கு. வேலைக்குக் கிளம்பணும், யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

ஜோபர்க்_சிவா · 6:31
18-ஆ? ஊசியே போடாதீங்க! எங்கப்பாவுக்கு ஊர்ல 50-க்கு இறங்கினதுக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். உடனே தேன் எடுத்து வாயில தடவுங்க.

வெட்நர்ஸ்_பிஎம்பி · 6:38
தேன் வேண்டாம்! சிவா அண்ணா, தென்னாப்பிரிக்காவுல மீட்டர் காட்டறது மில்லிமோல் கணக்கு. அதை 18-ஆல பெருக்கினாத்தான் நீங்க ஊர்ல பார்த்த மில்லிகிராம் கணக்கு வரும். 18-ன்னா 324. அது தாழ்வில்ல, உயர்வு.

முத்து அம்மா, நான் பீட்டர்மரிட்ஸ்பர்க்ல ஒரு கால்நடை கிளினிக்ல நர்ஸ். இதெல்லாம் தெரியாம யாராலயும் பதில் சொல்ல முடியாது: என்ன இன்சுலின்? சிரிஞ்சு மூடி என்ன நிறம்? 3-ங்கிறது ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா? எடை, வயசு? என்ன சாப்பிடறான்? எந்த நேரத்துல ரத்தம் பாக்கறீங்க? சமீபத்துல வேற ஏதாவது ஊசி, மருந்து? வாந்தி உண்டா? பதில் வர்ற வரைக்கும் 4 போடாதீங்க.

பீனிக்ஸ்_மாமா · 7:05
அம்மா, இது இன்சுலின் கெட்டுப்போன கதைதான். நானே பல வருஷமா இன்சுலின் போடறவன். டர்பன் வெயில்ல கரண்ட் போனா ஃபிரிட்ஜ் உள்ள என்ன ஆகும்னு யோசிங்க. லோட்ஷெடிங் காலத்துல என் மருந்து ரெண்டு தடவை வீணாப்போச்சு. புது பாட்டில் வாங்கிப் பாருங்க. இன்னொண்ணு, பாட்டிலைக் குலுக்கவே கூடாது. உள்ளங்கையில வெச்சு மெல்ல உருட்டணும்.

பிரிட்டோரியா_வாசு · 7:40
பூனை நீரிழிவு பற்றி இந்தக் குழுவில் விரிவாகப் பேசியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமை வேண்டும். மூல காரணம் உலர் தீவனம். பூனை முழு ஊன் உண்ணி, மாவுச்சத்தைச் செரிக்கப் பிறந்த உயிர் அல்ல. பையிலிருந்து கொட்டும் தீவனத்தை நிறுத்தாமல் ஊசியைப் பற்றிக் கேட்பதில் பொருளில்லை. உண்மையில் அக்கறை இருந்தால் ஒண்டர்ஸ்டெபூர்ட் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நாட்டில் கால்நடை மருத்துவப் புலம் இருப்பது அங்கே மட்டும்தான். பகல் முழுவதும் வீட்டில் இல்லாதவர்கள் இப்படியொரு நோயுள்ள பிராணியை வைத்துக்கொள்வது சரியா என்பதையும் யோசிக்க வேண்டும்.

லெனேஷியா_கலா · 8:15
வாசு சார், அவங்க இருக்கிறது டர்பன். ஒண்டர்ஸ்டெபூர்ட் 600 கிலோமீட்டர். வேலைக்குப் போற ஒருத்தி காலையில 6 மணிக்கு எழுந்து காதுல ரத்தம் பார்த்து, ஊசி போட்டு, இங்க வந்து கேள்வியும் கேக்கறா. அவகிட்ட அக்கறையைப் பத்தியா பேசறது? நானும் தனியா இருந்துதான் என் பூனைக்கு ஊசி போட்டேன். முடியும்.

முத்து அம்மா, நர்ஸ் கேட்டதுல ஒண்ணுக்கு மட்டும் முதல்ல பதில் சொல்லுங்க. எப்பப் பாக்கறீங்க?

முத்து_அம்மா · மதியம் 1:10
சாரி, இப்பத்தான் பிரேக். கேனின்சுலின். காலை 6, சாயங்காலம் 6, ஒவ்வொரு வேளைக்கும் 3. ஊசி போடறதுக்கு முன்னாடி பாப்பேன். எடை 6 கிலோ சொச்சம். ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு, மாமா. இப்ப கரண்ட் போறதும் இல்ல. இன்னொண்ணு, நடக்கறப்ப பின்னங்கால் குதிகால் வரைக்கும் தரையில படுது, அதுவும் சுகராலயா?

வெட்நர்ஸ்_பிஎம்பி · 1:25
ஆமா. சர்க்கரை நாளாவட்டத்துல நரம்பைப் பாதிச்சா பூனை அப்படித்தான் குதிகாலை ஊன்றி நடக்கும். சர்க்கரை கட்டுக்குள்ள வந்தா பல பூனைகளுக்கு மெல்ல மெல்ல சரியாகும்.

சிரிஞ்சு மூடி நிறம் சொல்லலையே? கேனின்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட். மனுஷங்க இன்சுலின் பெரும்பாலும் 100. மருந்துக்கடையில சாதாரணமா கொடுக்கிறது யூ-100 சிரிஞ்சு. அதுல 3 கோடு இழுத்தா இந்த மருந்துல 1.2 யூனிட்தான் உள்ள போகும். மாத்தி, மனுஷங்க இன்சுலினை யூ-40 சிரிஞ்சுல 3 கோடு இழுத்தா 7.5 யூனிட், பூனை பிழைக்கிறதே கஷ்டம். அதனாலதான் நச்சரிக்கிறேன்.

மாமா, உருட்டறது உங்க கலங்கல் இன்சுலினுக்குச் சரி. கேனின்சுலினை நல்லாக் குலுக்கணும், பால் மாதிரி ஒரே சீரா ஆகிற வரைக்கும். நுரை அடங்கினதும் இழுக்கணும்.

பீனிக்ஸ்_மாமா · 1:50
குலுக்கினா மருந்து உடைஞ்சிடும்னு எனக்குச் சொன்னது பெரிய டாக்டர். இன்சுலின்னா இன்சுலின்தானே, மனுஷனுக்கு ஒரு சட்டம் பூனைக்கு ஒரு சட்டமா?

வெட்நர்ஸ்_பிஎம்பி · 2:02
மருந்துக்கு மருந்து சட்டம் வேற, மாமா. கிளார்ஜின்ங்கிற இன்சுலின் தெளிஞ்ச நீர், அதை உருட்டவும் வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். என்பிஹெச்ங்கிற கலங்கல் இன்சுலினை உருட்டணும். கேனின்சுலின்ல அடியில தங்குற துகள் சரியாக் கலக்கலேன்னா ஒரு நாள் ஊசி தண்ணியா இருக்கும், இன்னொரு நாள் கெட்டியா இருக்கும். பெட்டிக்குள்ள இருக்கிற தாள்லயும் குலுக்கணும்னுதான் போட்டிருக்கு.

டொங்காட்_ஆயா · 2:30
கண்ணு, பாகற்காயை அரைச்சு சாறெடுத்து ஒரு சொட்டு பால்ல விட்டுக் கொடு. எங்க வீட்ல எல்லாருக்கும் அதுலதான் சுகர் இறங்குச்சு.

லெனேஷியா_கலா · 2:41
ஆயா, உங்க மனசு புரியுது. ஆனா கசப்பு வாயில பட்டா பூனை அன்னிக்குச் சோறே தொடாது. சாப்பிடாத பூனைக்கு முழு அளவு இன்சுலின் போட்டா அதுதான் பெரிய ஆபத்து. வேண்டாம் ஆயா.

பிரிட்டோரியா_வாசு · 3:15
உணவைப் பற்றி நான் சொன்னதற்கு இதுவரை பதில் இல்லை.

முத்து_அம்மா · இரவு 7:20
சிவப்பு மூடி, யூ-40-ன்னு போட்டிருக்கு. வயசு 11, ஆண், கருத்தடை பண்ணியாச்சு. நாள் பூரா கிண்ணத்துல உலர் தீவனம் இருக்கும், ராத்திரி பில்சர்ட் டின் மீன். ரெண்டு மாசம் முன்னாடி தோல் அரிப்புக்கு ஒரு ஊசி போட்டாங்க, பேர் தெரியல, ஒரு ஊசியே பல வாரத்துக்குத் தாங்கும்னாங்க. அதுக்கப்புறந்தான் இந்தத் தண்ணி குடிக்கிறது. வாந்தி இல்ல. இப்பவும் 17.9. டின் மீனை நிறுத்தணுமா?

வெட்நர்ஸ்_பிஎம்பி · 7:45
அந்த அரிப்பு ஊசி முக்கியம்! வாரக்கணக்குல வேலை செய்யற அரிப்பு ஊசின்னா பெரும்பாலும் ஸ்டீராய்டாத்தான் இருக்கும். அது பூனைக்கு சுகரை வரவழைக்கும், இருக்கிற சுகரையும் ஏத்தும். அதோட வேகம் குறையக் குறைய இன்சுலின் தேவையும் தானா குறையலாம். அளவை ஏத்தக் கூடாதுங்கிறதுக்கு இதுவே ஒரு காரணம். கிளினிக்குக்கு போன் பண்ணி அது என்ன ஊசின்னு எழுதி வாங்குங்க.

வாசு சார் சொல்றதுல உண்மை உண்டு, மாவுச்சத்து குறைஞ்ச ஈர உணவுதான் நல்லது. ஆனா நாளைக்கே மாத்திடாதீங்க. ஊசி அளவைக் குறைக்காம மாவுச்சத்தை மட்டும் வெட்டினா சர்க்கரை தடால்னு விழும். டாக்டரோட சேர்ந்து மாத்தணும். டின் மீன் மட்டுமே முழு உணவாகாது, எப்பவாவது ஒரு வாய் கொடுத்தா பரவாயில்ல.

லெனேஷியா_கலா · இரவு 8:30
முத்து அம்மா, இப்ப நான் சொல்றதை நிதானமாப் படிங்க.

நீங்க பாக்கிறது ஊசிக்கு முன்னாடி மட்டும். அந்த நேரம்தான் முந்தின ஊசி தீர்ந்து சர்க்கரை உச்சத்துல இருக்கும். கேனின்சுலின் பூனை உடம்புல சீக்கிரம் தீர்ந்துபோற மருந்து. போட்டு 4-லிருந்து 6 மணி நேரத்துல அடிமட்டத்துக்கு இறக்கும், அப்புறம் ஏற விட்டுடும். உங்க வீட்ல அந்த அடிமட்டம் காலை 10-க்கும் மதியம் 12-க்கும் நடுவுல. அப்ப நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க. அது 12-ஆ, 3-ஆன்னு யாருக்கும் தெரியாது. 3-ஆ இருந்து நீங்க 4 யூனிட் போட்டா, பூட்டின வீட்டுக்குள்ள அவனுக்கு வலிப்பு வந்தாலும் பாக்க ஆளிருக்காது. நான் கெஞ்சிக் கேக்கறேன், கீழ்மட்டம் தெரியாம ஏத்தாதீங்க.

சனிக்கிழமை வீட்ல இருப்பீங்கன்னா, காலை ஊசிக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் சாயங்கால ஊசி வரைக்கும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்து எழுதுங்க. தனியா செய்யறதுக்கு எனக்கு உதவினது: அவன் வழக்கமா படுக்கிற இடத்துலயே வெச்சு, வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியால காது ஓரத்தைச் சூடாக்கி, பின்னாடி பஞ்சு வெச்சுக்கிட்டு ஓரமா ஓடுற ரத்தக் குழாய்க்குப் பக்கத்துல குத்தறது. துளி வரலேன்னாலும் ஏதாவது தின்னக் கொடுத்துடுவேன், குத்தினா தின்பண்டம் வரும்னு அவனுக்குப் பழகிடுச்சு. ஓட்டம் பிடிச்சா துரத்தாதீங்க. பயந்த பூனைக்கு சர்க்கரை பயத்துலயே ஏறிடும், அந்த எண்ணை நம்ப முடியாது.

சமையலறையில கோல்டன் சிரப், அதாவது சர்க்கரைப் பாகு, எப்பவும் கைக்கு எட்டற இடத்துல வையுங்க. 3.5-க்குக் கீழ போனாலோ, தள்ளாடினாலோ, வெறிச்சுப் பாத்தாலோ ஈறுல தேய்ங்க. விழுங்க முடியாத பூனைக்கு வாயில ஊத்தாதீங்க. தேய்ச்ச கையோட அவசர கிளினிக்குக்கு போன். ஊசி ரோமத்துல பட்டு மருந்து வெளிய போயிடுச்சோன்னு சந்தேகம் வந்தா திரும்பப் போடாதீங்க, அடுத்த வேளை பாத்துக்கலாம். ஒரு வேளை சுகர் ஏறினா சமாளிக்கலாம், ரெட்டை ஊசி உயிருக்கே ஆபத்து.

வாந்தி, சாப்பாடு தொடாம படுத்தே கிடக்கிறது, வாயில நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை, இதுல ஒண்ணு வந்தாலும் திங்கக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. அது கீட்டோனா இருக்கலாம், இன்சுலின் போதாதப்ப ரத்தத்துல சேர்ற நச்சு. மூத்திரத்துல பாக்கிற பட்டை மருந்துக்கடையில கிடைக்கும், ஒரு டப்பா வாங்கி வையுங்க.

ஜோபர்க்_சிவா · இரவு 9:02
மனுஷங்களுக்குக் கையில ஒட்டற சென்சார் இருக்கே, ஃப்ரீஸ்டைல் லிப்ரே, அதைப் பூனைக்கு ஒட்ட முடியாதா?

லெனேஷியா_கலா · 9:10
முடியும் சிவா. தோள்பட்டைக்கிட்ட ரோமம் மழிச்சு கிளினிக்ல ஒட்டுவாங்க. 14 நாள் சென்சார்தான், பூனை உடம்புல அதுக்கு முன்னாடியே கழண்டு விழறது சகஜம், காசும் கூடுதல். ஆனா அது கடைசி 8 மணி நேரத்தை நினைவுல வெச்சிருக்கும். முத்து அம்மா சாயங்காலம் 6 மணிக்கு வந்து ஸ்கேன் பண்ணினா காலை 10-லிருந்து என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிடும். தனியா இருக்கிறவங்களுக்கு இதைவிட உதவி வேற இல்ல.

பிரிட்டோரியா_வாசு · 9:40
மனித மீட்டர் பூனைக்குத் துல்லியமாக இராது என்பதை யாரும் சொல்லவில்லை.

வெட்நர்ஸ்_பிஎம்பி · 9:52
சரிதான் சார். பூனை ரத்தத்துல மனுஷ மீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் குறைச்சலா காட்டும். பிராணிகளுக்குன்னே ஆல்ஃபாட்ராக் இருக்கு, பட்டை விலைதான் தாங்காது. ஒரே மீட்டரை விடாம வெச்சுக்கிட்டு ஏற்ற இறக்கத்தைப் பாத்தா போதும். தாழ்வா காட்டினா தாழ்வுன்னே எடுத்துக்கோங்க, மீட்டர் தப்புன்னு விட்டுடாதீங்க.

பீனிக்ஸ்_மாமா · வெள்ளி காலை 5:30
நான் இன்னமும் உருட்டறதுதான் சரிங்கறேன்.

முத்து_அம்மா · சனி மாலை 6:45
பாத்தேன். காலை 6: 17.6. 8: 11.2. 10: 5.1. 12: 3.2. தள்ளாடல, ஆனா கிண்ணத்தண்ட நின்னு கத்திக்கிட்டே இருந்தான். சிரப் தேய்ச்சு சாப்பாடு கொடுத்தேன். அவசர கிளினிக் டாக்டர் போன்லயே கூட இருந்தார். 12:30-க்கு 5.8. 2: 8.0. 4: 13.5. 6: 18.3. இன்னிக்கு ராத்திரியிலேந்து ஒன்றரை யூனிட் போடச் சொல்லியிருக்கார். திங்கக்கிழமை கிளார்ஜினுக்கு மாத்தறதைப் பத்திப் பேசலாம்னார். அரிப்பு ஊசி ஸ்டீராய்டுதானாம். கலா அக்கா, நர்ஸ், ரொம்ப நன்றி.

ஜோபர்க்_சிவா · 6:58
அந்த 18-ஐப் பாத்து 4 யூனிட் போட்டிருந்தா? நெஞ்சு பதறுதுங்க.

லெனேஷியா_கலா · 7:05
நல்லவேளை, நீங்க வீட்ல இருக்கறப்ப தெரிஞ்சுது. இனி எண்ணைப் பாத்து பயந்து தினம் தினம் அளவை மாத்தாதீங்க. ஒன்றரையில சில நாள் நிலைக்கட்டும், டாக்டர் சொன்னதும் மாத்தலாம். காலையில 11-க்குக் கீழ காட்டினா போன் பண்ணாம ஊசி போடாதீங்க. நாய்க்கு வந்தா பெரும்பாலும் ஆயுசுக்கும் ஊசிதான். பூனைக்கு அப்படியில்ல. சீக்கிரம் பிடிச்சு, உணவும் இன்சுலினும் ஒத்துப்போனா, ஊசியே தேவைப்படாத நிலைக்கு வர்ற பூனைகள் நிறைய. என் பூனை வந்துச்சு. முத்துவுக்கு ஸ்டீராய்டால வந்ததுன்னா நம்பிக்கை இன்னும் கூடுதல்.

பிரிட்டோரியா_வாசு · 7:30
பல்லையும் சிறுநீர்த் தொற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். ஃப்ரக்டோஸமின் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தால் கடந்த சில வாரங்களின் சராசரி தெரியும், கிளினிக் பயத்தில் ஏறும் சர்க்கரை அதைப் பாதிக்காது.

பீனிக்ஸ்_மாமா · இரவு 8:10
அம்மா, உங்க வீடு எந்தப் பக்கம்னு சொல்லலை. டர்பன் வடக்குப் பக்கம்னா எனக்குக் கிட்டத்தான். நான் ரிட்டயர் ஆனவன், பகல்ல வீட்லதான். மத்தியானம் காதுல குத்திப் பாக்க ஒரு ஆள் வேணும்னா வரேன். நீங்க வர லேட் ஆனா சாயங்கால ஊசியும் போட்டுடுவேன், கை நடுங்காது. என் சம்சாரமும் கூட வருவா, யோசிக்க வேண்டாம். தனிச் செய்தியில நம்பர் அனுப்புங்க.

வெட்நர்ஸ்_பிஎம்பி · 8:22
கட்டாயம் போங்க மாமா. ஊசிக்கு முன்னாடி அவன் சாப்பிட்டானான்னு பாத்துட்டுப் போடுங்க. அவங்ககிட்ட கேனின்சுலின் இருக்கிற வரைக்கும் அதைக் குலுக்கித்தான் இழுக்கணும்.

பீனிக்ஸ்_மாமா · ஞாயிறு காலை 7:00
சரிம்மா. முத்து அம்மா, நம்பர் இன்னும் வரலையே?