பாத்ரூம் கழுவ தனி சம்பளமா?
(பி பிளாக் குடியிருப்போர் குழு)

உமா பி204: புது அக்காகிட்ட பெருக்கி துடைக்கிறது, பாத்திரம் பேசியாச்சு. பாத்ரூமுக்குத் தனியா கேக்குறாங்க. குடுக்கணுமா?

சேகர் பி101: குடுக்கணும். டைல்ஸோட தேய்ச்சா ஒரு பாத்ரூமுக்கு அரை மணி நேரம். "அப்படியே அதையும் பார்த்துக்கோ"ன்னு சொல்ற வேலை இல்ல அது.

உமா பி204: சரி சார். ஆசிட் வாங்கிடவா?

மீனாட்சி பி302: ஆசிட் வேணாம் உமா. டைல்ஸ் இடுக்கு சிமெண்டை அரிச்சிடும், குழாய் பளபளப்பு போயிடும். மார்பிள்ல பட்டா தழும்புதான். டாய்லெட் லிக்விடே போதும். விளிம்புக்கு அடியில சுத்தி ஊத்தி 10 நிமிஷம் விடணும். ஊத்தின கையோட தேய்க்கச் சொன்னா கறை போகாது, அப்புறம் அவங்க சரியா தேய்க்கலன்னு பேச்சு வரும். முக்கியமா, அந்த லிக்விட்லயும் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். அது மேல ப்ளீச்சிங் பவுடர் தூவினா குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும். ரெண்டையும் ஒரே நாள்ல எடுத்துக் குடுக்காதீங்க. போர் தண்ணி உப்புக்கறைக்கு வினிகர் நனைச்ச துணியைப் போர்த்தி வச்சுட்டுத் தேய்க்கலாம், மார்பிள்னா அதுவும் ஆகாது.

ரவி பி403: கிளவுஸ் வாங்கிக் குடுத்தாலும் போட மாட்டாங்க மேடம்

மீனாட்சி பி302: அளவு பெருசா இருந்தா உள்ள தண்ணி புகுந்து வழுக்கும், யார்தான் போடுவாங்க? அவங்க கைக்குச் சரியான சைஸ் கேட்டு வாங்குங்க. முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர்.

சேகர் பி101: நீளக் கம்பு மாப்பும் வாங்கிடுங்க. உக்காந்து துணியால துடைச்சா முட்டி போயிடும். நாம ஊருக்குப் போற நாளுக்கு சம்பளம் பிடிக்கக் கூடாது, லீவு நம்மோடது. தமிழ்நாடு அரசோட வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007லேர்ந்து இருக்கு. 18லேர்ந்து 60 வயசு வரை பதியலாம். பிள்ளைங்க படிப்பு, பிரசவம், விபத்துக்கு உதவி, 60க்கு மேல பென்ஷன். பதிஞ்சிருக்காங்களான்னு கேளுங்க.

ரவி பி403: வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு சர்வீஸ் லிஃப்ட் மட்டும்னு போர்டு வைக்கலாம்னு மீட்டிங்ல பேச்சு வந்துதே. குப்பை மூட்டை நாத்தம் தாங்கல

மீனாட்சி பி302: நாத்தம் மூட்டையோடது. மூட்டைக்கு நேரம் வைங்க, ஆளுக்கு வைக்காதீங்க. அதைவிட அவசரம் ஒண்ணு இருக்கு. காலைலேர்ந்து நாலு வீட்டு டாய்லெட் கழுவுறவங்களுக்கு இந்த பில்டிங்ல போறதுக்கு ஒரு டாய்லெட் கிடையாது. அதனாலயே தண்ணி குடிக்காம இருக்காங்க, நீர்க்கடுப்பு வருது.

உமா பி204: வாட்ச்மேன் ரூம் பக்கத்துல ஒண்ணு இருக்கே?

சேகர் பி101: தாழ்ப்பாள் இல்ல, பல்பு இல்ல, குழாய்ல தண்ணியும் வரல. மெயின்டனன்ஸ் பணத்துலேர்ந்து செய்யலாம். யாருக்காவது ஆட்சேபணை?

ரவி பி403: இல்ல சார். பிளம்பரை நான் வரச் சொல்றேன்

மீனாட்சி பி302: தாழ்ப்பாள் உள்பக்கம் 👍