கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே ஒரு பல்கலைக்கழக நகரம்: எங்கிருந்து வரையத் தொடங்குவது?

பென்சில்முனை (புதுச்சேரி):
ஆர்க்கிடெக்சர் கடைசி வருடம். தீசிஸுக்கு எடுத்திருப்பது, நாலைந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை வைத்து ஒரு புது ஊர், பாகூர் பக்கம். 2023 நவம்பரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அவர்கள் இந்தியாவில் வளாகம் திறக்கக் கதவைத் திறந்துவிட்டதால் காகிதத்திலாவது நடக்கக்கூடிய விஷயம்தான். கத்தாரின் தோஹாவில் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றாக இருக்கிற எஜுகேஷன் சிட்டியைப் பார்த்து, ஆளுக்கொரு பெரிய கட்டடம், நடுவே புல்வெளி என்று வரைந்துகொண்டு போனேன். கைடு ஒரு நிமிடம் பார்த்தார், "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இங்கே யார் இருப்பாங்க?" என்று கேட்டார், போய்விட்டார். இரண்டு வாரமாக ஒரு கோடு நகரவில்லை. எதை முதலில் முடிவு செய்யணும்?

துறைமுகத்தான் (கடலூர் முதுநகர்):
தம்பி, தோஹாவை விட்டுடு. நான் அந்த ஊரில் ஆறு வருடம் ஏசி மெக்கானிக். அங்கே கட்டடம் கட்டுவதும் அரசு ஆதரவுள்ள கத்தார் ஃபவுண்டேஷன், பல்கலைக்கழகம் நடக்கிற செலவைக் கொடுப்பதும் அவர்களே. எரிவாயுக் காசு. அப்படியிருந்தும் 2003இல் வந்த அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் அங்கிருக்கும் வளாகத்தை 2028க்குள் மூடிவிடுவதாக 2024இல் முடிவெடுத்துவிட்டது. சிங்கப்பூரில் இன்னும் மோசம், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் திறந்து ஒரே செமஸ்டரில் பூட்டிக்கொண்டு போனது. ஆக, ஒருத்தர் காலி செய்தால் அடுத்தவர் குடியேறுகிற மாதிரி கட்டடத்தை வரை. கொரியாவில் சோங்டோவைப் பார், நாலைந்து பல்கலைக்கழகம் ஒரே வளாகத்தில், ஹாஸ்டல், நூலகம் எல்லாம் பொது. குஜராத்தின் நிதி நகரமான கிஃப்ட் சிட்டிக்கு வந்த டீக்கின், வொலங்காங் என்ற இரண்டு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்கும் தோப்பும் துரவுமா கொடுத்தார்கள்? ஆபீஸ் கட்டடத்தில் சில தளங்கள், அவ்வளவுதான்.

பென்சில்முனை:
தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. சோங்டோ பிளானை இறக்கிப் பார்க்கிறேன்.

மெஸ் டோக்கன் (சிதம்பரம்):
கொரியாவுக்குப் போகும் முன் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிற அண்ணாமலைநகருக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்க. 1929இல் பல்கலைக்கழகம் வந்தது, அதைச் சுற்றியே ஒரு பேரூராட்சி வளர்ந்துவிட்டது. நான் படித்த காலத்தில் ராத்திரி பதினோரு மணிக்கும் புரோட்டாக் கல் சூடாகவே இருக்கும், ஜெராக்ஸ் கடையில் தீசிஸ் பைண்டிங்குக்குக் கூட்டம் நிற்கும். அதே தெருவில் மே மாதம் போனால் நாய்கூடக் குரைக்காது, எங்கள் மெஸ்காரர் அடுப்பை அணைத்துவிட்டு சொந்த ஊருக்கே போய்விடுவார். உங்கள் கைடு கேட்டது இந்தக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். மாணவனை மட்டும் நம்பி ஊர் வரைந்தால் வருடத்தில் இரண்டு மாதம் அது காலி. வார்டன், பெருக்குகிற அம்மா, மெஸ்காரர், அவர் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் உங்கள் ஷீட்டில் எங்கே? அதை முதலில் வரைங்க, லெக்சர் ஹால் எங்கேயும் ஓடிப்போகாது.

ஏரிக்கரை (பாகூர்):
எங்கள் ஊர்ப் பெயர் அடிபடுவதால் சொல்கிறேன். பாகூர் ஏரி நிரம்புவது தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிற தண்ணீரில். அந்தத் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு வயலில் புல்வெளி போட்டால் நாங்கள் எங்கே நாற்று நட? 2024 டிசம்பர் ஆரம்பத்தில் சாத்தனூர் அணையைத் திறந்தபோது இங்கே நின்ற தண்ணீரையும் விசாரித்துக்கொள்ளம்மா.

ஆனால் இடம் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை, எங்கள் ஊர் உன் தீசிஸுக்கு முந்தியே கல்லூரி ஊர்தான். 9ஆம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேட்டில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்த கணக்கு இருக்கிறது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு 340 மாணவர்களுக்கு ஆளுக்கு எவ்வளவு நெல் என்று அளந்து வைத்திருக்கிறது. கட்டடத்தைவிட அவர்களுக்குச் சோற்றுக் கணக்குதான் பெரிதாக இருந்திருக்கும் போல.

துறைமுகத்தான்:
மன்னிச்சுக்கோ தங்கச்சி. இன்னொன்று, பாண்டிக்கும் கடலூருக்கும் நேர் ரயில் கிடையாது, விழுப்புரத்தைச் சுற்றித்தான் வரணும். பாகூர் வேற புதுச்சேரி, இந்தப் பக்கம் தமிழ்நாடு, கரெண்டுக்கும் பஸ்ஸுக்கும் இரண்டு அரசாங்கத்திடம் மனு எழுத வேண்டியிருக்கும்.

பென்சில்முனை:
சரி, வயலை விட்டுவிட்டேன். முதுநகர் ஜங்ஷனை ஒட்டி, ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற தெருக்களுக்குள் நுழைகிற மாதிரி, பொதுக் கட்டடங்களாக வரையப் போகிறேன். முதல் ஷீட்டில் மெஸ்ஸும் மெஸ்காரர் வீடும். கைடு என்ன சொன்னாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.

மெஸ் டோக்கன்:
மெஸ்ஸுக்குப் பின்வாசல் மறக்காதீங்க, காய்கறி வண்டி காலை நாலரைக்கே வரும்.