தன்பாலீர்ப்புள்ள கிறிஸ்தவர்கள்: சபையில் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது (அனுபவப் பகிர்வு)

மட்டுறுத்துநர்
"இது பாவமா, இல்லையா" என்ற சண்டை இங்கே வேண்டாம். ஆணோ பெண்ணோ, இப்படி ஈர்ப்புள்ள விசுவாசி ஒருவர் சபையில் வாய்திறக்கும்போது என்ன நடக்கிறது, எந்த இடத்தில் காரியம் கெடுகிறது? கூட இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். யாருடைய அடையாளமும் தெரியக்கூடாது.

பழைய பீடச்சிறுவன்
கத்தோலிக்கர்களுக்கு முதலில் ஒன்று. பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் அருட்சாதனம்) சொல்வதும் பங்குச் சாமியார் அறையில் உட்கார்ந்து சொல்வதும் ஒன்றல்ல. முக்கால்வாசிப் பேர் மாட்டுவது இங்கேதான். திருச்சபைச் சட்டம் 983இன்படி பாவசங்கீர்த்தன இரகசியத்தை உடைக்கவே முடியாது. நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே சபைவிலக்குக்கு உள்ளாகிறார். அங்கே தெரிந்துகொண்டதை வைத்து உங்களுக்குப் பாதகமாக நடப்பதையும் 984 தடுக்கிறது. அதைக் காரணமாக வைத்துப் பாடகர் குழுவிலிருந்து உங்களை எடுப்பதும் இதில் அடக்கம். ஆனால் "சாமி, கொஞ்சம் பேசணும்" என்று காபி குடித்துக்கொண்டே சொன்னதற்கு இந்தக் காப்பு கிடையாது. அவர் மனுஷன் நல்லவராக இருந்தால் வெளியே போகாது, அவ்வளவுதான். அதனால் "பாவசங்கீர்த்தனமாகக் கேளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி, சிலுவை போட்டுத் தொடங்குங்கள்.

சொந்தப் பங்கு (உங்கள் ஊர்க் கோவில்) வேண்டாம். வேளாங்கண்ணி மாதிரித் திருத்தலத்தில் உங்களை யாருக்கும் தெரியாது. நடுவில் தட்டி வைத்த இடத்தைக் கேட்டு வாங்கலாம்.

என்ன சொல்வது? ஈர்ப்பு தானாகப் பாவம் என்று மறைக்கல்வி ஏடு (கத்தோலிக்கப் போதனைகளின் தொகுப்பு) சொல்லவில்லை. 2357ஆம் எண் கண்டிப்பது செயலை. ஆகவே "நான் இப்படிப்பட்டவன்" என்பது அறிக்கையிட வேண்டிய பாவமல்ல. செய்தது இருந்தால் வகையும் எண்ணிக்கையும் போதும். கூட இருந்தவர் பெயரைக் கேட்கக் குருவுக்கு அனுமதி இல்லை (979). கேட்டால் "அது தேவையில்லை சாமி" என்று சொல்லி மேலே போங்கள். கோபப்பட்டுக் கத்தினால் அடுத்த பெட்டிக்கு எழுந்து போங்கள். 2358ஆம் எண் மரியாதையோடு, இரக்கத்தோடு நடத்தச் சொல்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

மாடிவீட்டு ஜெபக்குழு
உங்களுக்காவது ஒரு சட்டம் இருக்கிறது பிரதர். பெந்தெகோஸ்து சபைகளில் பாஸ்டரின் குணம்தான் சட்டம். விஷயம் கசிவது ஜெபக்குறிப்பு வழியாக. "ஒரு வாலிபத் தம்பியின் விடுதலைக்காக ஜெபியுங்கள்" என்று வாட்ஸாப்பில் வரும், பெயர் இருக்காது. அறுபது பேர் வரும் சபையில் வாலிபத் தம்பிகள் எத்தனை பேர்? அன்று மாலையே வீட்டுக்குத் தெரிந்துவிடும். சொல்வதற்கு முன்பே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: "பாஸ்டரம்மாவிடம் சொல்வீர்களா? ஜெபக்குறிப்பாகப் போடுவீர்களா?" பதில் இழுத்தால் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது விடுதலை ஜெபம், அதாவது ஈர்ப்பு நீங்க வேண்டும் என்று செய்யும் ஜெபம். ஜெபம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் தண்ணீர்கூட இல்லாத உபவாசத்தோடு சேர்த்து, மாத்திரையையும் நிறுத்தச் சொல்வார்கள். லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவருக்கு உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் இருப்பவர் மயங்கி விழலாம். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

மூன்றாவதாக, மேடைச் சாட்சி. ஜெபம் முடிந்த சூட்டில் "எனக்கு விடுதலை" என்று மைக்கில் சொல்ல வைத்து யூடியூபில் ஏற்றிவிடுவார்கள். சில வாரத்தில் ஈர்ப்பு அப்படியே இருப்பது தெரியும்போது, முன்பிருந்த குற்ற உணர்வோடு பொய்ச்சாட்சி சொன்ன பயமும் சேரும். ஆள் உடைந்துபோவது பெரும்பாலும் அப்போதுதான். அமெரிக்காவில் 1976இல் தொடங்கி இதையே ஊழியமாகச் செய்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 2013இல் மன்னிப்புக் கேட்டுக் கடையை மூடியது. தான் சந்தித்தவர்களில் கிட்டத்தட்ட யாருக்குமே ஈர்ப்பு மாறவில்லை என்று அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் 2012இலேயே ஒப்புக்கொண்டார். இதை நம் ஊர் ஊழியர்களிடம் சொன்னால் "அவர்களுக்கு விசுவாசம் பத்தவில்லை" என்பார்கள், போகட்டும்.

இரவில் சாகத் தோன்றினால் பாஸ்டருக்கு முன்னால் 14416க்குப் போடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.

நெல்லை வக்கீல்
சுருக்கமாக. சுஷ்மா வழக்கில் (பாதுகாப்புக் கேட்டு ஒருபால் பெண் இணையர் தொடுத்தது) சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று, பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை'க்குத் தடை சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆனால் ஆணையத்தின் பிடி டாக்டர் மேல் மட்டும்தான். ஆறு மாத டிப்ளமோ வைத்திருக்கும் 'கிறிஸ்தவ ஆலோசகர்' மேல் அங்கே புகார் நிற்காது. வயது வந்தவரை ஜெபவீட்டில் பூட்டி வைத்தால் கதை வேறு: பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 127, சட்டவிரோதச் சிறைவைப்பு. வீட்டில் 'காணவில்லை' புகார் கொடுத்தாலும், நீங்களாக விரும்பிப் போனதை வாக்குமூலமாகக் கொடுத்தால் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும் என்பதும் அதே சுஷ்மா உத்தரவில் உண்டு.

பழைய பீடச்சிறுவன்
வக்கீல் சார், ஒரு சேர்க்கை. 2023 டிசம்பர் 18 வத்திக்கான் ஆவணத்தைக் காட்டி "இனி கோவிலில் கல்யாணம்" என்று சிலர் கிளம்புகிறார்கள். அது ஒருபால் இணையருக்கு அனுமதிப்பது சடங்கில்லாத ஆசீர் மட்டும். கல்யாண உடுப்போ கல்யாணத்துக்குரிய சைகையோ கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது.

குடும்பநல ஆலோசகி
எல்லாவற்றையும் விட அதிகம் கெடுப்பது "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்ற யோசனைதான். ஒன்றும் அறியாத இன்னொரு உயிரும் அதில் மாட்டுகிறது. கத்தோலிக்கராக இருந்தால் கடைசிக் கதவு ஒன்று உண்டு. ஓலை (கோவிலில் படிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன் சாமியார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாக விசாரிப்பார். "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறாயா?" என்பது வழக்கமான கேள்வி. அப்பா அம்மா அந்த அறையில் இருக்கமாட்டார்கள். அங்கே "இல்லை" என்றால் போதும், காரணத்தை விளக்க வேண்டியதில்லை. "என் பெயரைச் சொல்லாமல் தள்ளிப்போடுங்கள் சாமி" என்றும் கேளுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தபின் இதையே சொன்னால் ஊர் முழுக்கப் பேச்சாகும்.

மறைத்துக் கட்டியாகிவிட்டது என்றால், ஏமாற்றிக் கட்டியது என்ற அடிப்படையில் (திருச்சபைச் சட்டம் 1098) துணைவர் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால் தீர்ப்பாயம் தரும் ரத்து அரசு ஏட்டில் இருக்கும் கல்யாணத்தைத் தொடாது. அதற்குத் தனியாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பரஸ்பர சம்மதம் என்றால் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்கக் கேட்கும். பிரிந்த தேதியைக் காட்டும் வாடகை ரசீதையோ ஹாஸ்டல் ரசீதையோ முதல் மாதத்திலிருந்தே எடுத்து வையுங்கள்.