மறு: கேண்டிடா ஆரிஸ் – ‘காலனைசேஷன்’ என்பதற்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். ஆஸ்பத்திரியில் ஆளுக்கு ஆள் பரவும் கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சைக் கிருமி பற்றி வார்டில் ஒட்டும் அறிவிப்புக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதன் பெயர் பற்றி நம்மில் ஒருவர் கேட்டது:

> ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. ‘செவிப்பூஞ்சை’ எனலாமே?

ஐயா, சொல் அழகுதான். ஆனால் வார்டில் எடுபடாது. 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் கண்டதால் வந்த பெயர் அது. ஐ.சி.யூ.வில் பயம், ரத்தத்தில் ஏறிவிடுமோ என்றுதான். நாகர்கோவிலில் ‘செவிப்பூஞ்சை’ என்று சொல்லிப் பாருங்கள், வீட்டார் காதுக்குச் சொட்டுமருந்து கேட்பார்கள். போதாததற்கு, 2024இல் பேரினத்தையே ‘கேண்டிடோசைமா’ என்று மாற்றிவிட்டார்கள். பெயரை ஒலிபெயர்ப்பிலேயே விட்டுவிடலாம்.

எனக்கு அவசரமாக வேண்டியது ‘காலனைசேஷன்’, அதாவது நோய் வராமலே கிருமி உடம்பில் ஒட்டியிருக்கும் நிலைக்கு ஒரு சொல். நம் மாவட்டத்தில் நிலைமை மோசமானால் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவார்கள், தேறியதும் இங்கே கூட்டிவருவார்கள். இப்படி ஆஸ்பத்திரி மாறுகிறவர்களோடு இந்தக் கிருமியும் ஊர் மாறக்கூடும். கக்கத்திலும் தொடையிடுக்கிலும் பஞ்சுக்குச்சியால் தடவிச் சோதித்தால் இருக்கும். ஆளுக்குக் காய்ச்சல்கூட இருக்காது. ஆனால் பிரஷர் பார்க்கும் பட்டை, கட்டில் கம்பி என்று ஒட்டி, பக்கத்துப் படுக்கையில் குழாய் போட்டுக் கிடப்பவரிடம் போய்விடும். அவருக்கு ரத்தத்தில் ஏறினால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் கேட்காது.

இந்த முதல் ஆளுக்குத்தான் சொல் இல்லை. ‘தொற்று’ என்று எழுதினால், “அப்போ மருந்து ஏன் தரல்ல?” என்பார்கள் (அந்த நிலைக்குப் பூஞ்சை மருந்து தருவதில்லை). ‘ஒன்றுமில்லை’ என்றால், “பின்ன எதுக்குக் கையுறையும் தனி ரூமும்?”

‘குடியேற்றம்’ வேண்டாம், வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஊரில் அது விசா விவகாரம். ‘காலனியாக்கம்’ வெள்ளைக்காரனை வரவழைக்கிறது. சிஸ்டர்மார் சொல்வது, “கிருமி தங்கியிருக்கு, நோய் வரல்ல.” அதிலிருந்தே ‘தங்கல்’ என்று எடுக்கிறேன். தோல் தங்கல், தங்கல் சோதனை, தங்கலுள்ளவர். ‘தொற்று’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தாலும் தனியாக நிற்கிறது.

ஒரு குறை உண்டு. ‘தங்கல்’ இரண்டு நாள் விருந்தாளி போல ஒலிக்கிறது, இதுவோ மாதக்கணக்கில் போகாது. ‘உறைவு’ அதைச் சொல்லும், ஆனால் ரத்த உறைவோடு குழம்பும். ‘நெடுந்தங்கல்’? எனக்கே கொஞ்சம் கனமாகத்தான் படுகிறது.

வார்டில் ஒட்டும் அறிவிப்பு இப்படி வரும்: “இவருக்குக் கேண்டிடா ஆரிஸ் தங்கல் உண்டு, தொற்று இல்லை. கைகழுவி, கையுறையும் மேலங்கியும் அணிந்து உள்ளே வரவும். கட்டிலைக் குளோரின் கரைசலால் மட்டும் துடைக்கவும்.” ‘மட்டும்’ ஏனென்றால், வழக்கமான தரை லோஷன்கள் பலவற்றுக்கு இது சாவதில்லை.

அச்சுக்குப் போகுமுன் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.