சாகர் பெட்டிக்குள் வைக்கும் பானை முழுக்கக் கருப்பாகவே வருகிறது, நிறம் ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி:
மூடிய பெட்டிக்குள் புகையாலும் ஆவியாலும் பானைக்கு நிறமேற்றும் சாகர் முறையில் மூன்று முறை சுட்டுவிட்டேன். மூன்று முறையும் அடி முதல் கழுத்து வரை ஒரே கருப்பு. இன்னும் சுடாத பானைக்கு டெர்ரா சிஜிலாட்டா (மிக நுண்ணிய களிமண் கரைசல்) மூன்று பூச்சு பூசி, மெல்லிய துணியால் தேய்த்து மெருகேற்றி, 1060 டிகிரியில் பிஸ்க், அதாவது முதல் சூடு, சுட்டேன். அப்புறம் சுடுமண் பெட்டிக்குள் பானையை வைத்து, மரத்தூளில் மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) கல்லுப்பும் கலந்து விளிம்பு வரை அடைத்தேன். மூடியின் ஓரத்தைக் களிமண்ணால் பூசி, கேஸ் சூளையில் 950 வரை ஏற்றினேன். கருஞ்சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. பிஸ்க் முடிந்து எடுத்தபோதே மெருகு மங்கியிருந்தது, அதுவும் உறுத்துகிறது. எங்கே தவறு?

பதில் 1:
மெருகு மங்கியதிலிருந்தே தொடங்கலாம். 1060 கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) போடும் பாண்டத்துக்குச் சரி, சாகருக்கு அதிகம். அந்தச் சூட்டில் மண் இறுகி நுண்துளைகள் குறைகின்றன. ஆவியாக வரும் செம்பும் உப்பும் உள்ளே இறங்க வழியில்லை. சிஜிலாட்டாவின் தட்டையான துகள்களும் கலைந்து பளபளப்பு போகிறது. பிஸ்க்கை 900 முதல் 940க்குள் நிறுத்துங்கள். மெருகிடாத அடிப்பகுதியில் நாக்கை வைத்தால் ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் கருப்புக்கு முக்கியக் காரணம் மரத்தூள்தான். விளிம்பு வரை அடைத்து மூடியையும் பூசிவிட்டால், கரி எரிந்து போகக் காற்றே இல்லை. கரி எல்லா இடத்திலும் படிந்துவிட்டால் செம்பு சிவந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மரத்தூள் பெட்டியின் கால்பங்கு உயரத்துக்குப் போதும். மயில்துத்தத்தை அதில் கலக்காமல், பானையின் வயிற்றை ஒட்டிக் கொஞ்சமாகத் தூவுங்கள், உப்பும் அதன் பக்கத்திலேயே. உப்பு இருந்தால்தான் செம்பு எளிதில் ஆவியாகிப் பானையில் படியும். மூடியைச் சும்மா வையுங்கள், பூச வேண்டாம். உப்புநீரில் ஊறவைத்துக் காயவைத்த பருத்தி நூலை ஒரு பானையில் சுற்றிப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

பதில் 2:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மயில்துத்தம் சூட்டில் கந்தக ஆக்சைடுகளை விடும், உப்பிலிருந்தும் அமில வாயு வரும். சூளை திறந்தவெளியில் இருக்கட்டும். தூள் தூவும்போது தூசி முகமூடியும் கையுறையும் போதும். எரியும்போது பக்கத்தில் நிற்பதானால் அமில வாயு வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். இந்தப் பானைகளில் தண்ணீரோ உணவோ வைக்கக் கூடாது.

கேட்டவர்:
நன்றி! பிஸ்க் 920, மரத்தூள் கால்பங்கு, மூடி தளர்வு. நேற்றிரவு 930ல் நிறுத்தி, இன்று நன்றாக ஆறிய பிறகு திறந்தேன். அடியில் கருப்பு, வயிற்றில் கருஞ்சிவப்பு, கழுத்தில் மண்ணின் வெளுப்பு. நூல் சுற்றிய இடத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடுகள். கையில் எடுத்தபோது கண் கலங்கிவிட்டது. இன்னொரு பானையில் செம்புக் கம்பி சுற்றியிருந்தேன், அங்கே மட்டும் கருப்புப் பொருக்கு ஒட்டியிருக்கிறது. அது ஏன்?

பதில் 1:
கம்பி உருகவில்லை, செம்பு 1085ல்தான் உருகும். அதன் மேல்தோல் ஆக்சைடாகி உதிர்ந்து ஒட்டியிருக்கிறது. காய்ந்த நைலான் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் பொருக்கு போய்விடும், அடியில் கோடு நிற்கும். அடுத்த முறை இன்னும் மெல்லிய கம்பி எடுங்கள். மெழுகு பூசுவதானால் தேய்த்த பிறகுதான்.